வந்த நோக்கம்: தாக்குதல்

ராணுவ முகாம் வாயிலில் வருகைப் பதிவேடு எழுதுபவருக்கு ‘நிமிஷம்’ என்று பட்டப்பெயர். வந்தவர், வந்த நேரம், நோக்கம், போன நேரம் என்ற நான்கு கட்டமும் நிரம்பாமல், முப்பத்தொரு வருஷத்தில் ஓர் ஈயைக்கூட அவர் வந்துபோக விட்டதில்லை. ஒரு தாள் கிழிந்ததில்லை.

முகாமுக்குத் தீவிரவாதத் தடுப்புத் திட்டம் ஒன்று இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஏழு கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு முறை தேநீர். எழுதி முடித்ததும் ‘மிக ரகசியம்’ என்று முத்திரை குத்தி இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். தாக்குதல் நடந்தால் வாயிலில் என்ன செய்ய வேண்டும் என்பது, வாயிலில் நிற்பவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஒத்திகை நாள் செவ்வாய், காலை 10.05. தீவிரவாதிகளாக நடிக்க வந்த ஆறு சிப்பாய்கள் மரத் துப்பாக்கிகளோடு வேனிலிருந்து இறங்கினார்கள்.

“எதுக்கு வந்திருக்கீங்க?” என்றார் நிமிஷம்.

“தாக்கறதுக்கு, சார்.”

“யாரை?”

“எல்லாரையுந்தான்.”

“சரி, வரிசையா நில்லுங்க. ஆளுக்கொரு கையெழுத்து.”

அவர் கொடுத்த அனுமதிச் சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு போய் ஆயுதக் கிடங்கைப் பிடித்தார்கள். கேன்டீனில் சாப்பிட்டார்கள். 12.40க்கு ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு வெளியேறினார்கள்.

மறுநாள் திட்டத்தை எழுதிய மேஜரே வந்து நின்றார். ‘ஊடுருவல் வாயிலிலேயே முறியடிக்கப்பட்டது’ என்று அவர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியாகிவிட்டது. திங்களன்று ஆய்வுக் குழு பதிவேட்டைப் பார்க்க வருகிறது.

“பெரியவரே, அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க.”

“214ஆ சார்? கிழிச்சா பின்னாடி 213ம் போயிடுமே. உங்க மாமனார் வந்துட்டுப் போனது அதுலதான் இருக்கு.”

“விளையாடாதீங்க. இந்த மாசத்தோட உங்களுக்கு ரிட்டயர்மென்ட். ஒரு வருஷம் நீட்டிக்கக் கேட்ட மனு என் மேஜை மேலதான் கிடக்கு.”

நீட்டிப்பு இல்லையென்றால் முகாம் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். மகளுக்குக் கல்லூரி முடிய இன்னும் ஒரு வருஷம். நிமிஷம் தாளின் ஓரத்தைப் பிடித்தும் பார்த்தார். விரல் பேச்சைக் கேட்கவில்லை.

“முடியாது சார்.”

மேஜர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

மாலையில் மனைவி கேட்டாள்: “மனு என்னங்க ஆச்சு?”

“சாமானைக் கட்டு.”

“ஒரு தாளைக் கிழிக்கத் துப்பில்ல! நம்ம கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டயே எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு கேட்ட மனுஷன்தானே!” கத்திக்கொண்டே பரண்மேல் கிடந்த கயிற்றை எடுத்தாள்.

திங்களன்று ஆய்வுக் குழுத் தலைவர் பதிவேட்டைப் புரட்டினார். ஆறு தீவிரவாதிகள், நோக்கம் தாக்குதல், போனது 12.40. அடுத்த பக்கத்தில் இன்னொரு பதிவு: ‘மேஜர். வந்த நேரம் 11.20. நோக்கம்: பக்கம் 214ஐக் கிழித்தல். போன நேரம் 11.32. நிறைவேறவில்லை.’

“அறிக்கை சரிதான்,” என்றார் தலைவர். “ஒரு ஊடுருவலை வாயிலிலேயே முறியடிச்சுத்தான் இருக்காங்க.”

புதிய திட்டம் எழுதும் பொறுப்பும் மேஜருக்கே போனது. மனு நிராகரிக்கப்பட்டது. முப்பதாம் தேதி காலை 9.15க்குச் சாமான் லாரி வாயிலில் நின்றது. நிமிஷத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த புது ஆள், சாமான் வெளியே போவதற்குக் காரணம் கேட்டான்.

நிமிஷம் வாய் திறப்பதற்குள் மனைவி லாரியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பக்கம் கிழிக்காத குத்தம். அப்படியே எழுதிக்கப்பா. நேரத்தை மட்டும் இவர்கிட்டக் கேட்டு எழுது.”