நீலப் பொட்டு

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பெயர் பூச்சியம்மா. வலைக்கூண்டுக்குள் நெல் நாற்றை வைத்துப் புகையான் வளர்ப்பது அவள் வேலை. நெல்லின் அடித்தண்டில் ஊசி மூக்கைச் செருகிச் சாற்றை உறிஞ்சும் எள்ளளவு பூச்சி அது. உலகமே அதை ஒழிக்கப் பார்க்க, இவள் வேளை தவறாமல் தீனி வைத்தாள்.

“புருஷனைக்கூட இப்படிக் கவனிச்சிருக்க மாட்டே” என்று காவலாளி சீண்டுவார்.

“இதுங்க சாப்பாட்டைக் குறை சொல்றதில்லையே” என்பாள்.

சோதனைக்கு வரும் ஒவ்வொரு நெல் ரகத்தின் தூரிலும் சாயம் தோய்த்த மஞ்சள் தாளை விரித்துப் பூச்சியை விடுவார்கள். சாறு பிடித்துப்போய்க் குடித்தால், பூச்சியின் கழிவு தாளில் நீலப் பொட்டாக விழும். பிடிக்காவிட்டால் வெறும் தண்ணீரை மட்டும் உறிஞ்சும். பொட்டு வெளுத்துக் கிடக்கும். கூண்டில் வழக்கமாகப் போடும் ரகத்துக்கு அவள் வைத்த பெயர் வெல்லம். இன்னொன்றுக்குக் கல் என்று பெயர் வைத்தாள். எத்தனை முறை பூச்சியை விட்டாலும் கல்லின் தாளில் நீலமே இல்லை.

கல் விவசாயிகளுக்கு விதையாக வெளிவந்ததும், தம்பியைத்தான் முதலில் போட வைத்தாள்.

“கண்ணை மூடிக்கிட்டுப் போடுடா. பூச்சி பட்டினி கிடந்து சாகும்.”

தம்பிக்கு அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. வயல் முழுக்கக் கல்லையே நட்டான். கதிர் வரும் நேரத்தில் போன் செய்தான்.

“அக்கா, நடுவுல வட்டமா காயுது.”

“தண்ணி பத்தலடா. நல்லா கட்டு.”

தேங்கிய தண்ணீரும் தூரின் ஈரமும்தான் புகையானுக்குக் கொண்டாட்டம். அது அவளுக்குத் தெரியாததா? கல்லைப் பூச்சி தொடாது என்ற நினைப்பு கண்ணைக் கட்டிவிட்டது.

பயிர் காய்வது நிற்கவில்லை என்றதும் நேரில் போனாள். “நீ சொன்னபடி முட்ட முட்டக் கட்டியிருக்கேன்” என்று தம்பி பெருமையாகக் காட்டினான். பயிரை விலக்கிப் பார்த்தாள். தூர் தெரியாமல் அப்பியிருந்தது பூச்சி. தம்பியிடம் பூச்சி என்று சொல்லாமல் கொஞ்சத்தைப் புட்டியில் பிடித்துக்கொண்டு வந்தாள். தாள் பொய் சொல்லாது என்று ஓர் அற்ப ஆசை.

கல்லின் மேல் விட்டாள். மறுநாள் தாள் முழுக்க நீலம்.

நிலையத்தின் அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நம்ம பூச்சி தலைமுறை தலைமுறையா வெல்லத்தையே தின்னு பழகினதும்மா. அதுக்குக் கல்லு இறங்கல. அதை வெச்சே எல்லாத்தையும் சோதிச்சோம். வெளிப்பூச்சிய விட்டுப் பார்க்க நமக்குத் தோணவே இல்லையே.”

அவள்தான் வளர்த்தாள். ஊட்டி ஊட்டி, வேறெதையும் தின்னத் தெரியாத பூச்சிகளாக வளர்த்து, அவற்றின் பேச்சை நம்பித் தம்பியின் வயலைப் பலி கொடுத்துவிட்டாள்.

கூண்டுகளுக்கு நடுவே நின்று போன் செய்தாள்.

“தண்ணிய வடிச்சிடுடா. அது பூச்சிதான். நான் சொன்னது தப்பு.”

“வடிச்சு என்னக்கா? வட்டமெல்லாம் ஒண்ணு சேர்ந்துடுச்சு. நெல்லுன்னு ஒண்ணும் தேறாது.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை.

“சரி விடு. அடுத்த தடவை எதைப் போடட்டும்? நீயே சொல்லுக்கா.”