கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷாஃப்ட்

கையில் இருந்த காசுக்கு ஒரு வண்டிதான் வாங்க முடியும். பழைய பிளஷர் காரா, ஏலத்தில் வந்த சின்ன ஜீப்பா என்று எனக்கும் என் மனைவிக்கும் பத்து நாள் பேச்சு. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கழனிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை வாடகைக்கு விடுவதுதான் எங்கள் பிழைப்பு. இன்ஜினை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போக வேண்டும். அவளுக்கோ ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பு சரியில்லை. மாதாமாதம் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர மெத்தென்ற சீட்டு வேண்டும்.

"சேத்துல நாலு சக்கரமும் இழுக்கணும். பிளஷர் அப்பிடியே உக்காந்துக்கும்" என்றேன். பெரிய நிபுணன் நான்!

"தொழிலுக்கு எது தோதோ அத வாங்குங்க" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. ஜீப் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் போர்வையை நாலாக மடித்து சீட்டில் போட்டு உட்காருவாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அடுத்த இரண்டு வருஷம் மழை இல்லை. எல்லாம் கிணற்று வேலை, கட்டாந்தரை. மெக்கானிக் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் சும்மா சுத்திக்கினு கீது நைனா. டீசலுக்குத்தான் கேடு. கழட்டிப் போட்டுடு" என்றார். ஊரில் ஜீப் வைத்திருந்த எல்லாரும் செய்ததுதான். நானும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். போட்டதை மறந்தும் போனேன்.

மூன்றாம் வருஷம் பாதி மழை. திருப்புலிவனத்துப் பக்கம் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஏரிக்குள் இன்ஜினை இறக்கி இறைத்தால்தான் பயிர் பிழைக்கும். இறக்கினேன். முப்பதடி போவதற்குள் பின் சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. முன் சக்கரங்கள் சும்மா நின்றன. கரையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி, முதலில் இன்ஜினைத் தண்ணீர் வரைக்கும், பிறகு என் ஜீப்பைக் கரைக்கும் இழுத்தார்கள். பயிர் பிழைத்தது. எனக்குத்தான் வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். போர்வையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "கட்டிலுக்கு அடியில அந்த ராடு இன்னாத்துக்கு கீது? பெருக்க சொல்ல தெனம் கையில இடிக்குது."

பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. "அது இருந்தாத்தான் நாலு சக்கரமும் இழுக்கும். கழட்டி ரெண்டு வருஷமாச்சு" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் நான் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போர்வையை இன்னொரு மடிப்பு மடித்து, சீட்டில் போட்டு, கம்பியைப் பிடித்து மெல்ல ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டிய. ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு குடுக்கறத நிறுத்திடப் போறாங்க" என்றாள்.