விளிக்க வேண்டாம் என்றபிறகு

எங்கள் வீட்டில் பேச்சில் தமிழ், எழுத்தில் மலையாளம். பாறசாலையைச் சுற்றிய இந்த எல்லைக் கிராமங்களில் பல வீடுகளிலும் அப்படித்தான். தமிழ் பேசி வளர்ந்து மலையாளம் படித்தவர்கள் நாங்கள். குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவி, மனசு நன்றாக இருந்தால் குரல் பதிந்து அனுப்புவாள், தமிழில். கோபம் என்றால் தட்டச்சு செய்வாள், மலையாளத்தில்.

அன்று வந்தது எழுத்து. டியூட்டி நேரத்தில் நான் விடாமல் போனில் விளித்ததில், வார்டு முழுக்கக் கேட்கும்படி ஏச்சு வாங்கியிருக்கிறாள். இனி நீங்கள் விளிக்க வேண்டாம், நேரம் கிடைக்கும்போது நான் விளிக்கிறேன், இன்னும் ஒருமுறை இப்படியானால் லீவுக்கு வரமாட்டேன். அவ்வளவுதான்.

சரி, காத்திருப்போம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்குக் காத்திருக்கவே தெரியாது என்று. பசி முழுதாக வருவதற்குள் நெய்யாற்றின்கரையிலிருந்து பிரியாணி வந்துவிடுகிறது. பாட்டு பிடிக்காவிட்டால் ஒரு தள்ளு, அடுத்த பாட்டு. என் விரல், கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிய விரல். இப்போது போனில் அவள் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று பச்சைத் தளிர்போல ஒரு சொல் முளைக்கும். தொட்டால் குவைத்தில் மணி அடிக்கும். தொடக்கூடாது. கடல் தாண்டிய தூரத்தைத் தாங்கிவிடலாம். ஒரு தொடுகைத் தூரத்தை எப்படித் தாங்குவது?

போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, பக்கத்து ஊரான காரோட்டில் இருக்கும் எங்கள் வாழைத்தோட்டத்துக்குப் போனேன். பாதி வழியில் மணி அடித்தது, என் காதுக்குள். திரும்பி ஓடிவந்து டின்னைத் திறந்தால் அரிசி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

பூவாரிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் அக்காள் வாசலில் ஹாரன் அடித்தபோதும் என் கண் போனிலேயே இருந்தது.

“என்ன சாரே, முட்டையா அது? அடைகாத்துட்டு இருக்கீரு?”

“அவ விளிப்பான்னு பாத்துட்டு இருக்கேன்.”

“எங்க வீட்டு ஆளு கடலுக்குப் போனா ரேஞ்சே கிடையாது. ரெண்டு நாளு நிம்மதியாக்கும் எனக்கு. சாளை வேணுமா, வேண்டாமா?”

சிரித்தேன். அவள் போனதும் சாளையைக் கழுவினேன், பொரித்தேன். ஒரே ஆளுக்கு இத்தனை மீன் எதற்கு என்று சட்டி கேட்டது.

பிறகு அந்தப் பச்சைச் சொல்லும் வராமல் போயிற்று. கடைசியாக அவள் வந்துபோன நேரம் அப்படியே பழசாகிக்கொண்டிருந்தது. ஒரேயொரு தடவை விளித்தால் என்ன? லீவு போய்விடும். விளிக்காவிட்டால்? நைட் டியூட்டியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லி, முற்றத்தில் நடந்தேன். நடந்து நடந்து முற்றமே சின்னதாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் அவளே விளித்தாள். குரல் உடைந்து கிடந்தது.

“ஒரு தடவைகூட விளிக்கத் தோணல்ல, இல்லியா?”

காய்ச்சலாம். அறைத்தோழி டியூட்டிக்குப் போய்விட, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தனியே கிடந்திருக்கிறாள்.

“வேண்டாம்னு சொன்னா அப்படியே விட்டுருவீங்களோ? கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு. நல்ல மனுசனாக்கும்.”

நீதானே சொன்னாய். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது அது. ஓர் எழுத்தும் பொய் இல்லாத சொல். சொல்லியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவள் போனை வைத்திருப்பாள். இத்தனை நாளும் விரலைத்தான் கட்டிவைத்திருந்தேன். நாக்கைக் கட்டுவது வேறு வேலை, கண்ணில் நீர் வந்துவிடுகிறது. விழுங்கினேன்.

“இப்ப காச்சல் உண்டா?”

“இல்ல.”

“கஞ்சி குடிச்சியா?”

“இங்க யாரு கஞ்சி வச்சுத் தாறா? ரொட்டி தின்னேன்.”

அந்தப் பக்கம் ஏசி இரைந்தது. இந்தப் பக்கம் நாகர்கோவில் போகும் ரயில் கடந்து போனது. லீவைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

“தளர்ச்சியா இருக்கும். வச்சிரட்டா?” என்றேன்.

“கொஞ்ச நேரம் கழியட்டு,” என்றாள்.