சத்தத்தைக் கூட்டிய லயம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில், ஒரு பழக்கம் உண்டு. ஒரு காம்பராவில் அடிதடி நடந்தால் மற்ற காம்பராக்களில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவோம். அதற்குப் பெயர் மரியாதை.

இன்று பகல் எல்லா வீட்டிலும் அந்தக் காமெடி நாடகம்தான். தோட்டத்துப் பெண், சிங்களப் பையன், கல்யாணத்துக்கு முன்பே வயிற்றில் பிள்ளை. அப்பா செருப்போடு துரத்தி வழுக்கி விழுகிறார். டிவிக்குள் ஒரே சிரிப்பு.

அதே நேரம் பக்கத்துக் காம்பராவில் செல்வியின் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவளுடையதும் சிங்களப் பையன்தான். மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள்.

சுவரில் அவள் தலை மோதிய சத்தம் கேட்டது. நானும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

"அப்பா, வயித்துல மிதிக்காதீங்கப்பா!"

அதற்கும் டிவியில் சிரித்தார்கள்.

டிவியை அணைத்துவிட்டுப் போய் அவர்கள் கதவை உதைத்தேன். செல்வியின் அப்பா பெல்ட்டோடு வந்து நின்றார்.

"இது எங்க வீட்டு விஷயம். நீ போயி டிவியப் பாரு புள்ள."

"ஒங்க வீட்டு விஷயத்தத்தான் மாமா அதுல காட்டுறாங்க."

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். செல்வியின் வாயெல்லாம் ரத்தம்.

அவளை ஆட்டோவில் ஏற்றியபோது லயமே வாசலில் நின்று பார்த்தது. உள்ளே டிவிகள் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நாடகத்தின் முடிவைப் பார்க்கவில்லை. சத்தமாக வைத்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது?