வடக்குச் சுவரைப் பார்த்த நாய்

அம்மாவை அடக்கம் பண்ணிய மறு வாரம், வீட்டு நாய் அம்மாவின் அறைக்குள் போவதை நிறுத்திவிட்டது. அதுவரை அம்மாவின் கட்டிலடிதான் அதற்கு எல்லாம். இப்போது நிலைப்படியில் நின்று, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, வடக்குச் சுவரையே பார்த்தது. சுவரில் ஒன்றும் கிடையாது. அதன் ஓரமாகக் கொத்தமல்லி மூட்டைகள் அடுக்கியிருந்தன, அவ்வளவுதான். நாய் தொண்டைக்குள்ளேயே உறுமியது. அம்மாவின் மடியை விட்டு இறங்காத பூனையோ ஓட்டின் மேல் ஏறிக்கொண்டு, கருவாட்டைக் காட்டிக் கூப்பிட்டாலும் கீழே வரவில்லை.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறவள். திருச்சுழி தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். கல்யாணம் காட்சி என்று போகாமல் அம்மாவோடேயே இருந்துவிட்டேன். அதனால் அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் இந்த ரெண்டு ஜீவன்களும்தான். லீவு நாள் உச்சிவெயிலில் எங்கள் தெருவில் காக்கா கூடக் கத்தாது. காற்று நின்று, கருவேலங்காடு அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில், ஆளில்லாத அறையைப் பார்த்து ஒரு நாய் வெடவெடவென்று நடுங்குவதைப் பாருங்கள், தெரியும். எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டது.

பக்கத்து வீட்டு மதினி ஒரு நாள் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார். நாயையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏ புள்ள, உங்கம்மா இன்னும் போகல. உள்ளதான் இருக்காக. நமக்குத் தெரியாது, வாயில்லாச் சீவனுக்குத் தெரியும்."

கையோடு திருநீறும் கொண்டுவந்திருந்தார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், எனக்கு வேண்டாம் என்றேன். "உனக்கு யாரு பூசப்போறா? நாய்க்கு என்ன, ஞானஸ்நானமா குடுத்திருக்கீக?" என்று சொல்லி அதன் நெற்றியில் பூசிவிட்டுப் போனார். எங்கள் சபைப் போதகர் வந்து, விசுவாசிகள் ஆண்டவரிடம் இளைப்பாறுகிறார்கள், மல்லி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லி ஜெபம் பண்ணினார். நாய் வெளியே நின்று ஊளையிட்டது. நான் ஆமென் சொன்னேன்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பயத்துக்கு அடியில் சந்தோஷமாக இருந்தது. அம்மா இருக்கிறாள். என் கண்ணுக்குத் தெரியவில்லை, நாய்க்குத் தெரிகிறது. கடை விட்டு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து வடக்குச் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். இன்றைக்கு எவள் வந்து முழுக் கடையையும் கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாள், பஸ்ஸில் எவன் காலை மிதித்தான், எல்லாம். நாய் படியில் நின்று முனகும். பதில் கிடைத்ததுபோல இருக்கும் எனக்கு.

நாய் மெலிந்துகொண்டே வந்தது. முன்னங்காலை நக்கி நக்கி, பிறகு கடித்துக் கடித்து, தோல் உரிந்து சிவந்துவிட்டது. சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. திருச்சுழி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனேன். டாக்டர் புண்ணுக்கு மருந்து போட்டார்.

"இதுக்கு நோய் இல்லம்மா, பயம். அடிக்காதீங்க, அதட்டாதீங்க, இழுத்துக்கிட்டு உள்ள போகாதீங்க. அதுக்குன்னு ஒரு இடம் குடுங்க. பக்கத்துல சும்மா உக்காருங்க, அதையே பாக்காதீங்க. எதைப் பாத்துப் பயப்படுதுன்னு கண்டுபிடிச்சு அதை எடுத்துட்டீங்கன்னா சரியாப்போயிரும். இப்படியே போனா தாங்காது."

எங்கம்மாவைப் பார்த்துத்தான் பயப்படுகிறது டாக்டர், அவளை எப்படி எடுப்பேன் என்று அந்த மனுசனிடம் கேட்க முடியுமா? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேப்பமரத்தடியில் அம்மாவின் பழைய சேலையை மடித்துப் போட்டு, எங்கோ பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, தயிர்சோற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ரெண்டு வாய் தின்றது. வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பியதும் மறுபடி நடுக்கம்.

அந்த மாதம் கரண்டு கம்பி பார்க்கிற நாள் எனக்கு லீவு நாளாக அமைந்தது. காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். உச்சிப்பொழுது, ஃபேன் இல்லை, தெருவே செத்துக் கிடந்தது. நான் அம்மாவின் கட்டிலில் வேர்த்துப்போய்ப் படுத்திருந்தேன். நாய் எழுந்து வந்தது. நான் கூப்பிடவில்லை. படியில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வாலை லேசாக ஆட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, கட்டிலடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. பின்னாலேயே பூனை வந்து என் காலடியில் சுருண்டது. யாரோ ரெண்டையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "அம்மா?" என்றேன், சத்தமாகவே.

ஃபேன் சுற்றியது. கரண்டு வந்துவிட்டது. அந்த நொடியே நாய் வீலென்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. பூனை போன திசை தெரியவில்லை.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வடக்குச் சுவரோரம் போய், மல்லி மூட்டையை நகர்த்தினேன். பின்னால் இருந்த பிளக் பாயிண்டில் சோப்பு டப்பி அளவுக்கு வெள்ளையாக ஒன்று செருகியிருந்தது. நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. திருப்பூரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அதா? எலி வெரட்டுற மிஷின்க்கா. அடக்கம் முடிஞ்சு கெளம்புறன்னைக்கு மாட்டிவிட்டேன், மல்லிய எலி கடிக்குதேன்னு. மனுசக் காதுக்குக் கேக்காத சத்தம் போடுமாம். நாய் பூனைக்கு ஒண்ணும் செய்யாதுன்னுதான் கடக்காரன் சொன்னான்."

போனை வைத்தேன். கை சுவிட்சுக்குப் போனது, போய் அங்கேயே நின்றுவிட்டது. இதை அணைத்தால் நாய் பிழைத்துக்கொள்ளும். அணைத்தால் இந்த அறையில் மல்லி மூட்டையும் ஒரு கட்டிலும்தான் மிச்சம். அணைக்காமல் விட்டுவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன். வெளியே நாய் தன் காலைக் கடிக்கிற சத்தம் கேட்டது, சப்சப்பென்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

நாய் உடனே உள்ளே வந்துவிடவில்லை. நான் டாக்டர் சொன்னபடி படியோரம் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன், பல நாள். கடைசியில் ஒரு மத்தியானம் அதுவாகவே என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலடியில் படுத்தது. சுவரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதினி வந்து வாசலில் நின்றார். நாய் குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, போயிட்டாகளா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் ஏதேதோ சொல்லிச் சமாளித்திருந்தேன். அந்த வார்த்தை அதுவரை என் வாயில் வரவில்லை.

"அம்மா செத்துப்போச்சு மதினி," என்றேன்.