கொட்டகைக்குள் இடித்த இடி

இன்று மழைப் பாடம் நடத்த என் வகுப்பில் தொடுதிரையைப் போட்டபோது, யாருடைய சாப்பாட்டுப் பையிலிருந்தோ மலைப்பூண்டின் காரவாசம் வந்தது; அவ்வளவுதான், மலைமேல் இருக்கும் போளூரில் எங்கள் பூண்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் படித்த பள்ளிக்குப் புதிதாக வந்த புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டியிருந்தது, ஊரில் பகலிலும் இருட்டாக இருந்தது சன்னலே இல்லாத அந்தக் கொட்டகை ஒன்றுதான் என்பதால், எங்கள் டீச்சர் கேட்டதும் அப்பா பூண்டையெல்லாம் வெயிலில் பரப்பிவிட்டு இடத்தைக் கொடுத்தார். தூறல் பட்டால் விளைச்சல் அழுகிவிடும் என்று வாசலிலேயே காவலும் இருந்தார். உள்ளே தலைக்குமேல் பூண்டுக்குப் போட்ட புகையேறிய மூங்கில், காலடியில் சரசரக்கும் பூண்டுத்தோல், இரைந்துகொண்டே இருக்கும் பெட்டி, அதன் ஒளியில் மிதக்கும் தூசி, எதிரே திரையாகக் கட்டிய அப்பாவின் வெள்ளை வேட்டியில் நாங்கள் யாருமே கண்டிராத கடல்.

கடல் ஆவியாகி, ஆவி மேகமாகி, ஸ்பீக்கரில் இடி இடித்தது.

"ஏலே, மழை வருது, வெரசா தார்ப்பாயப் போடுங்க!" என்று வெளியே அப்பா கத்தினார். எட்டிப் பார்த்தால், சுள்ளென்ற வெயிலில் தெருவே பூண்டை மூடிக்கொண்டிருந்தது.

டீச்சர் சிரித்தபடி அவரை உள்ளே கூப்பிட்டார். படம் முடியும்வரை, தார்ப்பாய்க் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்தார் அப்பா.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது யாரோ விடுதி கட்டிவிட்டார்கள். அங்கே தங்க வருகிறவர்களை நிறுத்தி, அப்பா இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்:

"இந்த எடத்துலதாங்க எம்மக மொதமொதல்ல கடலப் பாத்தா."