அத்தான் போட்ட அலை

எனக்குக் கணக்கு என்றாலே வேப்பங்காய். ஆனால் கணக்கு வாத்தியாரை என் அக்கா கட்டிக்கொண்ட பிறகு, அதே வீட்டில் இருந்துகொண்டு சைன் வளைவு என்ற அலைக்கோட்டிடமிருந்து தப்ப முடியுமா? மேசையில் தண்ணீர் சிந்தினால் போதும், அத்தான் விரலால் ஒரு கோடு இழுத்து, அதன் மேலும் கீழுமாக அலை போட்டுவிடுவார். "கோட்டுலேர்ந்து உச்சி எவ்வளவு உயரமோ, அதுதான் வீச்சு. வீச்சை ரெண்டு மடங்காக்கு, மூணு மடங்காக்கு, அலை கோட்டை வெட்டுற இடம் மட்டும் மாறவே மாறாது" என்பார். என்னவோ அவரே கண்டுபிடித்த மாதிரி முகத்தில் ஒரு பூரிப்பு.

அக்கா தையல்காரி. சட்டையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருந்தவளுக்குப் புதிதாகத் திறக்கவிருந்த நாடக அரங்கின் மேடைத்திரையைத் தைக்கும் வேலை கிடைத்தது. கருநீலத் துணி, அடியில் பொன்னிற நாடாவால் அலை. நன்றாக அமைந்தால் அரங்கின் தையல் வேலை முழுக்க அவளுக்கே என்று மேலாளர் சொல்லியிருந்தார். அத்தான் துணியின் அடியில் குறுக்கே ஒரு கோடு போட்டு, அலை அதை வெட்டும் இடங்களில் புள்ளி வைத்து, அலையை வரைந்தார். அதன் மேல் நூலை ஓட்டி அளந்து அக்கா நாடா வாங்கி வந்தாள்.

மேலாளர் வந்து பார்த்துவிட்டு, அலை இன்னும் உயரமாக வேண்டும் என்றார். அத்தான் வீச்சை இரண்டு மடங்காக்கினார்.

"நாடா பத்துமா?" என்று கேட்டாள் அக்கா.

"துணி மாறல, புள்ளி மாறல. நாடா மட்டும் எப்படி மாறும்?"

வாத்தியாரே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அவள் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு வந்தாள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நாடா தீர்ந்துபோனது. நடுவில் வெறும் துணி. கடையிலும் அந்த நிறம் இல்லை. அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாறாது மாறாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னீங்களே அத்தான், இப்ப நாடா எங்க போச்சு?"

அத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏறி இறங்குற தூரம் கூடிப்போச்சே! புள்ளியையே பாத்தேன், போற வழியைப் பாக்கலை. தப்பு என்னோடதுதான்."

பிறகு ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, ஒரே கோட்டின் மேல் மூன்று அலைகள் போட்டார்: பெரியது, நடுத்தரம், சிறியது. மூன்றும் அதே புள்ளிகளில்தான் கோட்டை வெட்டின. "அப்ப ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு அலைலேர்ந்து இன்னொரு அலைக்கு மாறிக்கலாம்ல? ஓரத்துல பெருசு, நடுவுல வர வரச் சிறுசு."

வெறும் துணிக்கு இரண்டு பக்கமும் தைத்திருந்த சில அலைகளைப் பிரித்து நாடாவை எடுத்துவிட்டு, துணியில் புதிதாக வரைந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசியைத் தொடவில்லை. முதலில் அந்தப் புது அலையின் மேல் நூலை ஓட்டி, தானே அளந்து பார்த்தாள். பிரித்த நாடா அதற்குப் போதும்; ஓரம் மடித்துத் தைக்கக் கொஞ்சம் மிச்சமே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் திரையைப் பார்த்த மேலாளர் அசந்துபோனார். "கண்ணு தானா நடுவுக்குப் போகுதே! யாரோட யோசனைம்மா?"

"எங்க வீட்டுக்காரரோடது" என்றாள் அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல். அத்தானின் காது சிவந்துவிட்டது.

இப்போது அரங்கின் ஜன்னல் திரைகளும் எங்கள் வீட்டில்தான். வேலை வந்த அன்றே அத்தான் சாக்பீஸும் அளக்கும் டேப்பும் எடுத்துக்கொண்டு துணி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கையை நீட்டினாள். "சாக்பீஸ் உங்களுக்கு. டேப்பை இப்படிக் குடுங்க."

அத்தான் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.